செங்கல் பறந்த ஏவுதளமும் கடைத்தெருச் சுவரும்

"தம்பி, எங்க தாத்தா காலத்துலேருந்து நிக்கிற செவுரு இது. இன்னிக்கா விழப்போவுது?"

பினாங்கு ஜார்ஜ் டவுனில், நம்மவர்கள் இன்றும் கடைத்தெரு என்றே சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டுக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கும் பொறியாளராக இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. கீழே மளிகைக் கடை, மேலே குடித்தனம் என்று இருந்த இடம் அது. மாடியை ஆறு அறை கொண்ட தங்கும் விடுதியாக்க ஐயா முடிவு செய்துவிட்டார். கூரைக்கடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு ஏற்கெனவே ஏறியிருந்தன.

பக்கத்துக் கடையோடு பங்கிட்டிருக்கும் பொதுச் சுவரைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். வாசலிலிருந்து பத்தடி வரை ஒலி கெட்டியாக இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே வந்ததும் மாறியது. உள்ளே காற்று இருக்கும் ஒலி. எங்கள் வேலையிடத்தில் இதைக் 'கொசோங்' என்போம், மலாயில் காலி என்று பொருள். பூச்சு சுவரை விட்டுவிட்டது, வெளியே இருந்து பார்த்தால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் கேள்விக்குப் பதிலாக ஒரு ராக்கெட் ஏவுதளத்தின் கதையைச் சொன்னேன். அன்று நேரமில்லாததால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய கட்டடத்தைப் புது வேலைக்குத் திருப்ப நினைக்கும் எல்லோருக்கும் உதவும் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையோரம் இருக்கிறது 39ஏ ஏவுதளம். நிலாவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்காக 1960களில் கட்டப்பட்டது. 110 மீட்டர் உயரமும் எரிபொருளோடு கிட்டத்தட்ட 2,900 டன் எடையும் கொண்ட ராக்கெட் அது. நிலத்தடி நீர் மட்டம் மேலே இருக்கும் ஊர் என்பதால் தரையைத் தோண்டாமல், மேடுபோல உயர்த்திக் கான்கிரீட் மேடை கட்டினார்கள். மேடையின் நடுவே தீ வெளியேற ஓர் அகழி. நீளம் சுமார் 137 மீட்டர், அகலம் 18, ஆழம் 13. அதன் சுவர்களில் வெப்பம் தாங்கும் செங்கல் பதித்தார்கள். 1967 நவம்பர் 9 அன்று அப்போலோ 4 அங்கிருந்து கிளம்பியது. 1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11. 1973 மே மாதம் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தைத் தூக்கிப் போனதோடு சாட்டர்ன் 5 ஓய்வு பெற்றது.

அடுத்தது விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்). ஏவுதளத்தை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. அப்போலோ காலத்து நகரும் மேடையில் நின்ற கோபுரத்தை வெட்டி எடுத்து, அதன் மேல்பகுதியை ஏவுதளத்திலேயே நிலையாக நட்டார்கள். கான்கிரீட் பழையது, அகழி பழையது. மேலே வந்து நின்ற வாகனம் புதியது. அதன் இரு பக்கமும் இருந்த திட எரிபொருள் ராக்கெட்டுகள் பற்றிக்கொள்ளும் விதம், சாட்டர்னின் திரவ எரிபொருள் இயந்திரங்கள் பற்றிக்கொள்ளும் விதத்திலிருந்து வேறுபட்டது. அவை ஒரே கணத்தில் முழு விசைக்குப் போய்விடும்.

1981 ஏப்ரல் 12 அன்று முதல் ஓடம் கொலம்பியா கிளம்பியபோது அந்தக் கணம் கணக்கை மீறியது. கீழே அடித்த அழுத்த அலை எதிர்பார்த்ததைவிடப் பலமாக மேலே திரும்பி ஓடத்தையே தாக்கியது. அந்தப் பயணம் முடிந்தபோது வெப்பக் காப்பு ஓடுகளில் 16 காணாமல் போயிருந்தன, 148 சேதமடைந்திருந்தன. வீரர்கள் இருவரும் நலமாகத் திரும்பினார்கள். இரண்டாவது பயணத்துக்குள் திட ராக்கெட்டுகளின் வாய்க்கு நேர் கீழே தண்ணீர் கொட்டும்படி ஏற்பாட்டைப் பலப்படுத்தி, அலையை அடக்கினார்கள். பதினோரு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி ஒன்று உயரமாக நின்று, ஒவ்வொரு ஏவலிலும் அந்த மேடையை நனைத்தது.

மேடை மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. அதைவிடக் கனமான ராக்கெட்டை அது தாங்கிக் காட்டியிருக்கிறது. சுமை வந்து விழுந்த விதம் மாறிவிட்டது, அவ்வளவுதான். கடைவீட்டிலும் இதுதான் நடக்கிறது. தாத்தா காலத்தில் மாடி தாங்கியது பாய், பெட்டி, பத்துப் பேர். இன்று அதே மரத் தூலத்தின் மேல் குளியலறைக்குக் கான்கிரீட் தளம் போடுகிறோம், ஓடு ஒட்டுகிறோம், குளிர்சாதனம் மாட்டுகிறோம். அந்த இரண்டு தொட்டிகளின் தண்ணீர் மட்டுமே இரண்டு டன். ஏறக்குறைய முப்பது பேர் இரவும் பகலும் ஒரே மூலையில் நகராமல் நிற்பதற்குச் சமம். தாத்தாவின் சுவர் இதைத் தாங்கிய அனுபவம் கொண்டதில்லை.

இனி செங்கல் பறந்த நாள். 2008 மே 31 அன்று டிஸ்கவரி ஓடம் 39ஏயிலிருந்து நல்லபடியாகக் கிளம்பியது. புகை அடங்கியதும் ஊழியர்கள் அகழிப் பக்கம் போனார்கள். ஒரு பக்கச் சுவரிலிருந்து சுமார் 3,500 செங்கற்கள் பிய்ந்து போயிருந்தன. சில துண்டுகள் சுற்று வேலி வரை பறந்து கிடந்தன. அப்போலோ காலத்துச் செங்கல், நாற்பதாண்டுகளாகத் தீயைத் தாங்கியது. பின்னால் இருந்த கான்கிரீட்டோடு அதற்கு இருந்த பிடிப்பு எப்போதோ விட ஆரம்பித்திருக்கிறது. வெளியே சுவர் சுவராகவே தெரிந்தது. பிய்ந்த இடத்தில் கம்பி வலை கட்டி, வெப்பம் தாங்கும் கான்கிரீட்டைப் பீய்ச்சிப் பூசினார்கள். நவம்பரில் எண்டெவர் அங்கிருந்தே கிளம்பியது.

இந்தச் செய்தியை அன்று படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. உலகிலேயே அதிகக் கண்கள் பார்க்கும் சுவர்களில் ஒன்று அது. அங்கேயே பிடிப்பு விட்டது முன்கூட்டிப் பிடிபடவில்லை என்றால், முப்பது ஆண்டாக யாரும் பார்க்காத ஒரு கடைவீட்டின் படிக்கட்டுக்கடி என்ன கதி? அன்றிலிருந்து நான் எந்தச் சுவரையும் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவதில்லை. தட்டாமல் திரும்புவதில்லை.

ஜார்ஜ் டவுன் சுவர்களுக்குத் தனி நோய் ஒன்று உண்டு. அவை களிமண் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகிப் போய்விடும். கட்டியவர்கள் அறிந்தே அப்படிக் கட்டினார்கள். பின்னால் வந்த நாம், பூச்சு உதிர்கிறதே என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினோம், அதற்குமேல் பளபளப்புச் சாயம் அடித்தோம். ஈரம் வெளியேற வழியில்லை. அதிலிருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது, செங்கலையே மாவாக்குகிறது. சுத்தியலுக்குக் கொசோங் என்று கேட்பது அந்த இடைவெளிதான். கடல் வேறு பக்கத்தில் இருக்கிறது. 39ஏக்கும் இதே பகைவன். கடற்காற்றின் உப்போடு, ஓடத்தின் திட ராக்கெட்டுகள் கக்கிய புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து இரும்பைத் தின்றது. அதனால்தான் 1966 முதல் கடற்கரையோரம் உலோகத் தகடுகளையும் சாயங்களையும் வெயிலிலும் உப்பிலும் நிறுத்தி, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனைத் திடலையே அங்கே நடத்துகிறார்கள்.

நம் மலேசியாவுக்கும் இப்படி ஒரு பழைய மேடையோடு உறவு உண்டு. 2007 அக்டோபர் 10, நோன்பு மாதம். பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் உணவகம். இரவு ஒன்பதரைக்குச் சற்று முன் தொலைக்காட்சியில் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் கிளம்பியது. உள்ளே எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபர் ஷுக்கோர், நம் முதல் விண்வெளி வீரர். தேத்தாரே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கைவேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார். எனக்கும் கண் கலங்கியது. அந்த ராக்கெட் நின்றிருந்த மேடையைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். கஜகஸ்தானின் பைக்கோனூரில் உள்ள 1ஆம் தளம். 1957 அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் போனது அங்கிருந்துதான். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் போனதும் அங்கிருந்துதான். மெர்டேக்கா என்று நம் விடுதலை முழங்கிய அதே 1957இல் வேலையைத் தொடங்கிய மேடை, நம் பொன்விழா ஆண்டில் நம் ஆளைச் சுமந்தது.

அந்த மேடையின் கட்டுமானம் 39ஏக்கு நேர் எதிர். வறண்ட புல்வெளியில் மாபெரும் குழி வெட்டி, அதன் விளிம்பில் மேடையை நீட்டிவிட்டார்கள். ராக்கெட் தன் அடியை ஊன்றி நிற்பதில்லை. இடுப்பில் நான்கு கைகள் பிடித்துக்கொள்ள, தொங்குகிறது. மேலெழும்பத் தொடங்கியதும் கைகள் பூ மலர்வதுபோல விலகிக்கொள்ளும். ரஷ்யர்கள் அதைத் துலிப் பூ என்கிறார்கள். ராக்கெட் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தாலும் இடுப்பில் பிடிக்கும் முறை மாறவில்லை. 500க்கும் மேற்பட்ட ஏவல்களுக்கு அந்த ஒரு மேடை ஈடுகொடுத்ததற்கு இது முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். வாரிசுகள் மாறினார்கள், சுமை இறங்கும் வழி மாறவில்லை.

அடிபடாமலும் இல்லை. 1983 செப்டம்பர் 26 அன்று ஏவலுக்கு முன்பே ராக்கெட் தீப்பிடித்து மேடையில் வெடித்தது. உள்ளே இருந்த வீரர்கள் தீத்தோவையும் ஸ்திரெக்காலோவையும் தப்பிக்கும் ராக்கெட் கடைசி நொடிகளில் தூக்கிக் காப்பாற்றியது. மேடை எரிந்து நாசமானது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்ணுக்குப் போனபோது பக்கத்து 31ஆம் தளத்திலிருந்துதான் போனார். 1ஆம் தளத்தைப் பழுதுபார்த்து மறுபடி எழுப்பினார்கள். இறுதியில் அதை நிறுத்தியது வேறு விஷயம். புதிய சோயுஸ்-2 ராக்கெட்டுக்கு ஏற்ப அது மாற்றப்படவில்லை. 2019 செப்டம்பர் 25க்குப் பிறகு அங்கிருந்து யாரும் கிளம்பவில்லை.

பாரம் முழுவதும் 31ஆம் தளத்தின் மேல் விழுந்தது. 2025 நவம்பர் 27 அன்று சோயுஸ் எம்எஸ்-28 கிளம்பியபோது அங்கிருந்த பராமரிப்பு மேடை பெயர்ந்து தீக்குழிக்குள் விழுந்தது. வீரர்கள் பத்திரமாக விண்வெளி நிலையம் சேர்ந்தார்கள். ஆனால் அதைச் சரிசெய்யும்வரை மனிதர்களை அனுப்ப ரஷ்யாவின் கையில் தயாரான வேறு மேடை இருக்கவில்லை. தண்ணீரும் மின்சாரமும் படிக்கட்டும் ஒரே பொதுச் சுவரை நம்பியிருக்கும் கடைவீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

39ஏயின் மூன்றாம் வாழ்க்கை எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2011 ஜூலை 8 அன்று கடைசி ஓடம் கிளம்பியது. 2014 ஏப்ரலில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அதன் ஃபால்கன் 9, சாட்டர்னின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சும்மா நிறுத்தி ஏவியிருக்கலாம் என்று தோன்றும். அவர்கள் ஓடத்துக்காகச் சுழலும்படி கட்டியிருந்த பெரிய இரும்புக் கூட்டைக் கழற்றி இறக்கினார்கள். பயன் இல்லாத இரும்புக்கு உப்புக் காற்றில் துரு மட்டுமே மிச்சம். 2017 பிப்ரவரியில் முதல் ஃபால்கன் அங்கிருந்து பறந்தது. 2020 மே 30 அன்று அங்கிருந்து போன இருவரில் ஒருவர் டக் ஹர்லி. 2011இல் கடைசி ஓடத்தை இதே மேடையிலிருந்து ஓட்டிப் போனவரும் அவரே.

நம் கட்டடங்களில் யாரும் கழற்றுவதே இல்லை. பழைய குளிர்சாதனத்தின் இரும்புத் தாங்கி, மூடிய கடையின் பெயர்ப் பலகை, ஓட்டைத் தொட்டி எல்லாம் அப்படியே இருக்க, புதியது அதன் பக்கத்தில் ஏறும். ஐந்தடி நடைபாதையில் நடப்பவர் தலைக்கு மேலேதான் அவை தொங்குகின்றன. 1999 இறுதியில் பழைய வாடகைக் கட்டுப்பாடு முற்றாக விலகிய பிறகு ஜார்ஜ் டவுன் கடைவீடுகள் வேகவேகமாகக் கை மாறின. 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்ததும் இன்னும் வேகம். கை மாறியபோது சாவி மாறியது, பத்திரம் மாறியது, எந்தச் சுவரை எப்போது எதனால் பழுதுபார்த்தோம் என்ற குறிப்பு மட்டும் கை மாறவில்லை.

அடுக்குமாடிகளிலும் இந்த மறதி உண்டு. ஒரு கட்டடத்தில் ஒன்பதாம் மாடி வெளிச்சுவர் ஓடு, நிறுத்தியிருந்த காரின் மேல் விழுந்தது. நல்லவேளை, காரில் ஆள் இல்லை. பழைய ஓட்டைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புது ஓடு ஒட்டியிருந்தார்கள். நிர்வாகம் மாறியதில் வரைபடங்கள் தொலைந்ததால், அது அங்கே யாருக்குமே தெரியாது.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்த பிறகு, சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு பரிசோதிக்க ஊராட்சி மன்றம் உத்தரவிட அது வழி செய்கிறது. இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள் அந்தக் கணக்கில் வராது. ஆகவே அங்கே முதல் சுத்தியல் தட்டு உரிமையாளரிடமிருந்துதான் வர வேண்டும். சாவியின் பின்புறத்தால் நீங்களே தட்டிப் பாருங்கள். ஒலி மாறும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து வட்டம் பெரிதாகிறதா என்று பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உடனே சாயம் அடித்து மறைக்காதீர்கள். குத்தகையாளர் சுவரை உடைக்கும் முன்பு நான்கு படம் எடுத்து வையுங்கள். புதுச் சுமை எதையும் ஏற்றும் முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள், ஏற்றிய பிறகு கூப்பிட்டால் எங்களால் செய்ய முடிவது பாதிதான்.

கடைத்தெரு ஐயா நான் சொன்ன வரை கவனமாகக் கேட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தொட்டிகள் இரண்டும் கீழே இறங்கி, பின்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தன. படிக்கட்டுக்கடியில் சிமெண்டுப் பூச்சை உரித்தபோது உள்ளே செங்கல் விரலால் சுரண்டினால் உதிரும் நிலையில் இருந்தது. மாவான செங்கற்களை மாற்றியாயிற்று. சுவர் உலர இன்னும் சில மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு. தைப்பூசம் கழிந்ததும் சுத்தியலோடு மறுபடி போகிறேன்.