ஸ்டீன்ஸ் மலையின் காய்ந்த புல்லும் நாம் நிறுத்தும் வண்டியும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தென்கிழக்கில் உள்ள ஸ்டீன்ஸ் மலைக்குச் சுற்றுலா வருவோர் பலர், சாம்பல் நிறச் சேஜ்பிரஷ் புதர்களை மட்டுமே பார்த்துவிட்டு, இது ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மேய்ச்சல் நிலங்களைக் கண்காணிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அந்த அலட்சியம்தான் கவலை தருகிறது.

மேற்கே மெல்லச் சரிந்து ஏறும் இம்மலை, 2,967 மீட்டர் உயரத்தை எட்டியதும், கிழக்கே அல்வோர்ட் பாலைவனத்தை நோக்கிச் சுமார் 1,600 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. ஈரக்காற்று உச்சியிலேயே பனியைக் கொட்டிவிடுவதால், மழைமறைவில் கிடக்கும் அல்வோர்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. பனி உருக உருக மாடுகள் மேலேறுவதும், குளிர் தொடங்கியதும் கீழே இறங்கி, சேமித்து வைத்த உலர்புல்லைத் தின்பதும் இங்குள்ள பண்ணைகளின் வழக்கம். அரசு நிலத்தில் மேய்க்க, 1934இன் டெய்லர் மேய்ச்சல் சட்டப்படி அனுமதி வேண்டும். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் தின்னும் தீவனமே அந்த அனுமதியைக் கணக்கிடும் அலகு.

குனிந்து பார்த்தால், கொத்துக் கொத்தாக வளரும் நாட்டுப் புற்களுக்கு இடையே, பாசியும் லைக்கன் என்னும் கற்பாசியும் பின்னிய கரிய மண்தோல் தெரியும். காலோ குளம்போ சக்கரமோ அதை நொறுக்கிய இடத்தில் சீட்கிராஸ் என்னும் அயல்நாட்டுப் புல் எளிதில் வேர்பிடிக்கிறது. பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் முளைக்கும் அது, நாட்டுப் புற்கள் இன்னும் பச்சையாக இருக்கும் கோடைத் தொடக்கத்திலேயே சருகாகி, முன்பு தீயைத் தடுத்துவந்த வெற்றிடங்களை நிரப்பிவிடுகிறது. எரிந்த சேஜ்பிரஷ் வேரிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் மீள வேண்டும், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதற்குள் சீட்கிராஸ் முந்திக்கொள்ள, அடுத்த தீ இன்னும் விரைவில் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிதமிஞ்சிய மேய்ச்சல் இதற்கு வழிவிட்டது உண்மைதான். ஆனால் மாடுகளை வெளியேற்றினாலே நிலம் பழையபடி ஆகிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

இதே தென்கிழக்கு ஓரிகனில் 2012இல் 5.5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த லாங் டிரா தீ மின்னலால் மூண்டது. மின்னலைத் தடுக்க நம்மால் இயலாது. காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியும், ஏனெனில் சூடான புகைக்குழாய் பட்டாலே சருகு பற்றிக்கொள்ளும். புறப்படும் முன் காலுறையிலும் நாயின் காதோரத்திலும் குத்தி நிற்கும் சீட்கிராஸின் கூரிய விதைகளைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். வேலிக்கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். திறந்திருந்தால் அப்படியே விடுங்கள், மாடுகள் தண்ணீருக்குப் போகும் வழி அதுவாக இருக்கலாம்.