பாரபட்சத்தோடு எப்படிக் கொல்வது?

நேற்று ராத்திரி வீட்டில் ஓர் உளவுத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மேலதிகாரி தாழ்ந்த குரலில் உத்தரவு போடுகிறார். கீழே தமிழ் வரி: “அவனைத் தீவிரப் பாரபட்சத்துடன் முடித்துவிடு.” பக்கத்தில் இருந்த மைத்துனன் கேட்டான்: “பாரபட்சம் பார்க்காம கொன்னா தப்பா மாமா?”

மூலத்தில் இருப்பது ‘டெர்மினேட் வித் எக்ஸ்ட்ரீம் பிரஜுடிஸ்’. ஆளைக் கொன்றுவிடு என்பதற்கு அலுவலகப் பாஷையில் ஒரு முக்காடு. 1969 ஜூனில் வியட்நாமில், இரட்டை உளவாளி என்ற சந்தேகத்தில் தாய் காக் சூயென் என்பவரை அமெரிக்கச் சிறப்புப் படையினர் சுட்டுக் கடலில் போட்டார்கள். அவர்களுடைய தளபதி கர்னல் ராபர்ட் ரோ உள்ளிட்டோர் கைதானார்கள். அந்த விவகாரம் செய்தித்தாள்களுக்கு வந்தபோதுதான் இந்தச் சொற்றொடரும் வெளியே தெரிந்தது. சி.ஐ.ஏ. தன் ஆட்களைச் சாட்சி சொல்ல விடவில்லை, செப்டம்பரில் வழக்கைக் கைவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து ‘அபோகலிப்ஸ் நவ்’ படம் இதை உலகம் முழுக்கப் பரப்பியது.

சரி, பாரபட்சம் எங்கே வந்தது? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருள், அவ்வளவுதான். சட்டத்தில் ‘பிரஜுடிஸ்’ என்றால் உரிமைக்கு வரும் பாதகம். நம் ஊர் வக்கீல் கடிதத்தின் தலையில் ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ என்று இருக்குமே, அது ‘பாரபட்சமில்லாமல் எழுதுகிறேன்’ என்றா சொல்கிறது? ‘இதில் சொல்வதால் என் கட்சிக்காரரின் உரிமைக்குக் குந்தகம் வரக்கூடாது’ என்கிறது. வேலையிலும் அப்படித்தான். ‘டெர்மினேட் வித் பிரஜுடிஸ்’ என்று குறித்து ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். அதோடு ‘எக்ஸ்ட்ரீம்’ சேர்ந்தால், அவர் எங்கேயுமே திரும்பி வரப்போவதில்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘மிகைக் காழ்ப்புடன் முடிவுறுத்து’ என்று ஆக்கித் தந்தார். வடசொல்லை விரட்டிவிட்டார், தப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காழ்ப்பு எங்கே ஐயா இருக்கிறது? கோப்பில் கையெழுத்துப் போடுகிற ஆளுக்குக் கோபமே கிடையாது, அதுதான் இந்தச் சொற்றொடரின் பயங்கரம். ‘தீர்த்துக்கட்டு’, ‘போட்டுத்தள்ளு’ எல்லாம் பொருளில் சரி, ஆனால் முக்காடு போய்விடுகிறது. ரவுடி பேசுவதுபோல் ஆகிவிடும்.

என் ஓட்டு ‘சீட்டைக் கிழித்துவிடு’வுக்கு. வேலை போனாலும் சீட்டு கிழிந்தது என்போம், ஆள் போனாலும் அதையேதான் சொல்கிறோம். ரொம்பக் கொச்சை என்று நண்பர் முகம் சுளித்தார். விறைப்பான அதிகாரி வாயில் வரவேண்டுமென்றால் ‘நிரந்தரமாகப் பணிநீக்கம் செய்துவிடுங்கள்’ என்று வையுங்கள். அந்த ‘நிரந்தரமாக’வை நடிகர் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் போதும், மைத்துனனுக்கே புரிந்துவிடும்.