சங்கை ஊதுவதும் நிறுத்துவதும்

போன ஐப்பசி மழையில் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தோம். எனக்கும் மூன்று நாள், முதுகை உலக்கையால் இடித்த மாதிரி வலி. ரத்தம் பார்த்ததில் டெங்கு இல்லை, ஏதோ வைரஸ் என்றார்கள். வைரஸ் போட்ட அடி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தச் சூட்டையும் வலியையும் பெரும்பாலும் கிளப்பிவிடுவது நம்முடைய செல்களேதான்.

வேண்டாத ஆள் உள்ளே வந்திருப்பது செல்லுக்கு எப்படித் தெரியும்? ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் கழுத்தில் அட்டை இல்லையென்றால் வாட்ச்மேன் கேட்டிலேயே மடக்கிவிடுவார் அல்லவா, அதே கதைதான். புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமந்துபோகும் நம் எம்.ஆர்.என்.ஏ., முனையில் ஒரு தொப்பி மாட்டியே உட்கருவை விட்டு வெளியே வரும். பல வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வில் தொப்பி இருக்காது, மூன்று பாஸ்பேட் அப்படியே துருத்திக்கொண்டிருக்கும். ரிக்-ஐ என்ற புரதம் அந்த முனையைக் கப்பென்று பிடித்துக்கொண்டு, மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்திருக்கும் மேவ்ஸ் என்ற இன்னொரு புரதத்துக்குச் சேதி சொல்ல, அங்கிருந்து உட்கருவுக்குத் தகவல் போய் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கும். (சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கு இந்தத் தபால் வேலையும் எதற்கோ!)

1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கோழி முட்டைச் சவ்வில் கண்டுபிடித்த பொருள் இது. கம்பெனிச் சங்கு மாதிரி. பக்கத்துச் செல்கள் அதைக் கேட்டதும் நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழித்துக்கொள்ளும். அவற்றில் சில, வைரஸின் ஆர்.என்.ஏ.வை நறுக்கும்; வேறு சில, செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவைக்கும். எனக்கு வந்த சூட்டிலும் வலியிலும் இந்தச் சங்குக்குப் பங்கு உண்டு.

சரி, சங்கை யார் நிறுத்துவது? ஊதுவதைவிட இதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். விழித்த ஜீன்களுக்குள்ளேயே யு.எஸ்.பி.18, சாக்ஸ்1 என்று சில இருக்கின்றன. அவை உண்டாக்கும் புரதங்கள், இன்டர்ஃபெரானைக் கேட்கிற காதையே மெல்ல அடைத்துவிடும். யு.எஸ்.பி.18 இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குக் கிருமி எதுவும் இல்லாமலே சங்கு ஓயாமல் ஊதி, மூளை வரை பாதிக்கிறது.

வைரஸும் சும்மா இருக்காது. டெங்குவின் என்.எஸ்.5 புரதம், சங்கொலியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்2 என்ற புரதத்தையே ஒழித்துக்கட்டும். எலியின் ஸ்டாட்2விடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது. சாதாரண எலிகளுக்கு டெங்கு லேசில் பற்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காம் நாள் காலை எனக்கு வியர்த்துக் கொட்டியது. கசாயம் வேலை செய்துவிட்டது என்றார் அம்மா. நான் யு.எஸ்.பி.18 என்று வாயைத் திறப்பதற்குள், டம்ளரில் மிச்சமிருந்த நிலவேம்பையும் ஊற்றிவிட்டார்.