'மே இட் ரெயின்?' என்று யாரும் கேட்பதில்லை

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதும் நர்ஸ்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருகிறேன். அந்தத் தேர்வில், நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவரிடம் நர்ஸாகப் பேசிக் காட்டும் ரோல்-ப்ளே இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட அங்கே தடுமாறுவது, இனி என்ன நடக்கலாம் என்று கேட்க வேண்டிய இடத்தில்தான்.

'மே' போட்டால் மரியாதை என்று பள்ளியிலேயே பதிந்துவிட்டது. 'மே ஐ கம் இன், மிஸ்?' சொல்லிப் பழகிய நாக்கு, 'மே தி ஆபரேஷன் பி போஸ்ட்போன்ட்?' என்றும் கேட்கிறது. 'இட் மே ரெயின்' சரி. அதையே 'மே இட் ரெயின்?' என்று திருப்பினால் இன்றைய ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. தமிழும் அப்படித்தானே? 'மழை வரலாம்' என்கிறோம், 'மழை வரலாமா?' என்றால் மழை வாசலில் நின்று அனுமதி கேட்பதுபோல் ஆகிவிடும்.

அந்த இடத்துக்கு 'குட்' (could) பொருந்தும்: 'குட் தி ஆபரேஷன் பி போஸ்ட்போன்ட்?', 'குட் தேர் பி எனி சைடு எஃபெக்ட்ஸ்?' 'மைட்' தப்பில்லை, ஆனால் கேள்வியின் முதலில் வைத்தால் கொஞ்சம் துரைத்தனம் அடிக்கும். எப்போதும் உண்மையாக இருக்கும் பொதுவான விஷயத்தைக் கேட்க 'கேன்': 'கேன் திஸ் டேப்லெட் காஸ் வாமிட்டிங்?' நாளை மழை வருமா என்பதற்கு அது உதவாது.

எதிரில் இருப்பவரைப் பற்றியே கேட்கும்போது 'குட்' காலை வாரும். 'குட் யூ கம் ஆன் ஃப்ரைடே?' என்றால், 'வெள்ளிக்கிழமை வர முடியுமா, வாங்களேன்' என்று வேண்டுகிறோம். 'வில் யூ கம்?' என்பதும் பெரும்பாலும் அழைப்பாகவே விழும். வரும் எண்ணம் இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால், 'வில் யூ பி கமிங் ஆன் ஃப்ரைடே?'

எனக்குப் பிடித்த வடிவம் 'டூ யூ திங்க்'. 'டூ யூ திங்க் யூ மைட் நீட் ஹெல்ப் அட் ஹோம்?' என்று கேட்டால், டிஸ்சார்ஜ் ஆகப்போகும் பெரியவர் கூச்சமில்லாமல் பதில் சொல்வார். 'டூ யூ திங்க் வில் யூ நீட்' என்று மட்டும் போகாதீர்கள்; கேள்விக்கான சொல் வரிசை 'டூ யூ'வில் ஒருமுறை வந்தால் போதும்.

பதிலிலும் ஒரு கண்ணி உண்டு. 'குட் இட் கம் பேக்?' என்று நோயாளி கேட்கிறார். 'இட் மைட் நாட்' என்றால் திரும்ப வராமலும் இருக்கலாம். கேள்வியில் 'குட்' இருந்ததே என்று 'இட் குடன்ட்' சொன்னால், திரும்ப வரவே வராது என்று டாக்டரே தராத உறுதியை நீங்கள் தந்துவிடுகிறீர்கள்.