மெனுவை 'இடுகையிட' முடியுமா?

முனையத் திரைக்கு, அதாவது எழுத்துகள் மட்டுமே தெரியும் கட்டளைத் திரைக்கு, நிரல் எழுதக் கற்றுத்தரும் தமிழ்க் குறிப்புகளில் 'மெனுவை இடுகையிடுக' என்ற தொடர் விடாமல் துரத்துகிறது. அத்திரையில் சாளரமும் மெனுவும் அமைக்க உதவும் என்கர்சஸ் (ncurses) நூலகத்தின் போஸ்ட்_மெனு (post_menu) என்ற செயற்கூறுக்குச் செய்த மொழிபெயர்ப்பு அது. வலைப்பதிவுக்கு இடுகை பொருந்தும். மெனுவைப் படித்து யார் பின்னூட்டம் போடப் போகிறார்கள்?

லத்தீனில் 'போஸ்டிஸ்' என்றால் கம்பம். கம்பத்தில் அறிவிப்பை அறைவதும் ஆங்கிலத்தில் 'போஸ்ட்' ஆயிற்று. தபாலைக் குறிக்கும் போஸ்ட் வேறு வழியில் வந்தது. இங்கே அதற்கு வேலையில்லை.

என்கர்சஸில் சாளரம் என்பது நினைவகத்தில் இருக்கும் எழுத்துக் கட்டங்களின் செவ்வகம். (சாளரம் வடசொல், 'காலதர்' என்று எழுதுங்கள் என்பாரும் உண்டு. அழகான சொல்தான், வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவானேன்?) மெனுவுக்கு எந்தச் சாளரம் என்பதை செட்_மெனு_வின் சொல்லும், அதனுள் தேர்வுகள் அமரும் உட்சாளரத்தை செட்_மெனு_சப் சொல்லும். போஸ்ட்_மெனு தேர்வுகளை அந்த உட்சாளரத்தில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். சாளரத்தைத் திரைக்கு அனுப்பும் டபிள்யூரிஃப்ரெஷை அழைத்தால்தான் திரையில் தெரியும். இடுகை என்றாலோ வெளியாகிவிட்டது என்று பொருள். 'இடுகையிட்டேன், திரை காலியாக இருக்கிறதே' என்று புதியவர் விழிப்பதற்குப் பாதிப் பழி இந்தச் சொல்லுக்கே.

இதன் எதிர்ச்செயலான அன்போஸ்ட்_மெனுவை 'இடுகை நீக்கம்' என்று எழுதுவது இதைவிட மோசம். மெனுவே அழிந்துவிட்டதாக நினைத்து, மெனு பிடித்த நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ_மெனுவை அழைக்காமல் விட்டுவிடுகிறார்கள், நினைவகம் திரும்பக் கிடைக்காமல் கசிகிறது. உண்மையில் அன்போஸ்ட்_மெனு சாளரத்திலிருந்து மெனுவைத் துடைக்கிறது, மெனு நினைவகத்தில் அப்படியே இருக்கிறது.

போஸ்டுக்குப் பொருத்து, அன்போஸ்டுக்குக் கழற்று என்பதே என் பரிந்துரை. 'ஒட்டு' நகலெடுப்பின் துணையாகப் போய்விட்டது. 'காட்டு' மறுபடியும் திரைக்கே இழுக்கும். பொருத்தியிருக்கும் மெனுவுக்குச் சாளரத்தை மாற்றவோ, அதை விடுவிக்கவோ முயன்றால் இ_போஸ்டட் என்ற பிழை திரும்பி வரும். 'மெனு பொருத்தப்பட்டுள்ளது' என்று அதைத் தமிழாக்கினால், முதலில் கழற்ற வேண்டும் என்பது விளக்கமின்றியே புரியும். 'மெனு ஏற்கெனவே இடுகையிடப்பட்டுள்ளது' என்பதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்?

அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர் நிரலை ஒருமுறையாவது இயக்கிப் பார்ப்பதில்லை. கழற்று, மெனுவை விடுவி, பிறகு தேர்வுகளை விடுவி: இந்த வரிசையைத் தாமே தட்டச்சு செய்து பார்த்தவருக்கு 'இடுகை' என்று எழுதக் கை வராது.