ஹார்டுவேர் வாலட் வாங்கியவர்கள் முதலில் காக்க வேண்டியது 24 சொற்களை

2024 ஜூலை 18 அன்று, கிரிப்டோ வாங்கி விற்கும் இந்தியத் தளமான வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. அங்கு கணக்கு வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் நாணயங்களை வெளியே எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள். தகவல் பாதுகாப்பு ஆலோசகரான என்னிடம் அதன்பின் வந்தவர்களில் பலரின் முதல் கேள்வி, "எந்த ஹார்டுவேர் வாலட் நல்லது சார்?" என்பதுதான். கிரிப்டோவுக்கான சாவியைக் காக்கும் சிறு கருவியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கிரிப்டோ வாங்கலாமா என்பது வேறு விவாதம். வாங்கிவிட்டவர்கள் அதை எக்ஸ்சேஞ்சில் விட்டுவைக்காமல் தம் கையில் வைத்துக்கொள்ள நினைப்பது நியாயமானது. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் ஆராய்பவர்கள், அக்கருவி முதன்முதலில் திரையில் காட்டும் மீட்புச் சொற்களை அவசரமாக எங்கோ குறித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின.

நாணயம் கருவிக்குள் இருப்பதில்லை. அது பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் ஒரு முகவரியில் பதிவாகியிருக்கிறது; அதை நகர்த்தும் உரிமை, அம்முகவரிக்குரிய ரகசிய எண்ணான தனிச்சாவியை வைத்திருப்பவருக்கே உண்டு. ஹார்டுவேர் வாலட் அச்சாவியை இணையத்துக்கு எட்டாதபடி தனக்குள் வைத்துக்கொண்டு, பரிவர்த்தனைக்குத் தன்னுள்ளேயே கையொப்பமிட்டு, அந்தக் கையொப்பத்தை மட்டும் வெளியே தருகிறது. உங்கள் எல்லாச் சாவிகளையும் மறுபடி உருவாக்கக்கூடிய மூல எண்ணைத்தான் மீட்புச் சொற்கள் குறிக்கின்றன. 2013இல் வகுக்கப்பட்ட பிப்-39 நெறிமுறைப்படி, 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவி தேர்ந்து தருகிறது. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும், இதே நெறிமுறையைப் பின்பற்றும் வேறு நிறுவனத்தின் கருவியில்கூட அச்சொற்களை உள்ளிட்டுப் பணத்தை மீட்கலாம். அதே காரணத்தால், அச்சொற்களைப் பார்த்துவிட்ட ஒருவருக்கு உங்கள் கருவியும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம்.

இதை விளக்கிச் சொன்ன பிறகும், "பத்திரமாகப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த படம் உங்களைக் கேட்காமலேயே கூகுள் போட்டோஸிலோ ஐகிளவுடிலோ ஏறியிருக்கலாம். மனைவிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தால் அவருடைய கைப்பேசியிலும் அது இருக்கும். கைப்பேசியிலுள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலை, கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த செயலிகளில் கண்டுபிடித்ததாக 2025 பிப்ரவரியில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி அறிவித்தது. எனவே கேமரா, ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல், ஜெராக்ஸ் கடை எதுவும் வேண்டாம். கையால் தாளில் எழுதுங்கள்.

கருவியைத் தயாரிப்பு நிறுவனத்திடமோ அதன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பெட்டிக்குள்ளேயே சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தால் அது மோசடி, அச்சொற்கள் திருடனுடையவை. ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்திடமிருந்து 2020இல் கசிந்த தகவல்களில் சுமார் 2,70,000 வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இருந்தன. மறு ஆண்டே அவர்களில் சிலரின் வீட்டுக்கு, "பழைய கருவிக்கு மாற்று" என்ற கடிதத்தோடு போலிக் கருவிகள் தபாலில் வந்தன. உண்மையான நிறுவனம் எதுவும் உங்கள் சொற்களைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ இணையதளத்திலோ கேட்காது.

எல்லாத் தொகையையும் மாற்றுவதற்கு முன் ஓர் ஒத்திகையைக் கட்டாயம் செய்யச் சொல்கிறேன். இதைத் தவிர்ப்பவர்களே மிகுதி என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். முதலில் மிகச் சிறிய தொகையைப் புதிய முகவரிக்கு அனுப்புங்கள். கணினித் திரையில் காணும் முகவரியும் கருவியின் திரையில் காணும் முகவரியும் முழுவதும் ஒன்றுதானா என்று பாருங்கள், ஏனெனில் நகலெடுத்து ஒட்டும்போது முகவரியை மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. எக்ஸ்சேஞ்சில் தேர்ந்தெடுத்த நெட்வொர்க்கும், அதாவது நாணயம் எந்த பிளாக்செயின் வழியாகப் போகிறது என்பதும், உங்கள் வாலட் ஏற்கும் நெட்வொர்க்கும் பொருந்த வேண்டும். தொகை வந்து சேர்ந்ததும் கருவியை ரீசெட் செய்து முழுவதும் அழித்துவிட்டு, தாளில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து, சொற்களைக் கருவியிலேயே உள்ளிடுங்கள். கணினியில் ஒருபோதும் தட்டச்சு செய்யாதீர்கள். அதே தொகை மீண்டும் தெரிந்தால்தான் உங்கள் தாள் நம்பத்தக்கது. எழுத்துப் பிழையும் வரிசை மாற்றமும் இந்தக் கட்டத்தில் வெளிப்பட்டால் இழப்பு சில நூறு ரூபாய்தான்.

தாளுக்கு ஈரமும் கரையானும் பகை. பெருந்தொகை வைத்திருப்பவர்கள் சொற்களைத் துருப்பிடிக்காத இரண்டு எஃகுத் தகடுகளில் முழுமையாகப் பொறித்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வங்கி லாக்கரிலும் வைக்கலாம். 24 சொற்களை இரு பாதியாக்கி இரண்டு இடங்களில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு பாதி தொலைந்தாலும் முழுவதும் போய்விடும்.

சாவி இணையத்துக்கு வெளியே இருந்தும் பணம் போகலாம். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சு சுமார் 150 கோடி டாலரை இழந்தது இணையத்தோடு இணையாத வாலட்டிலிருந்துதான். கையொப்பமிட்டவர்களின் கணினித் திரையில் வழக்கமான பரிவர்த்தனை தெரிந்தது. அவர்கள் உண்மையில் ஒப்பமிட்டதோ வேறொன்று. ஆகவே சேமிப்புக்கான வாலட்டை எந்த இணையதளத்தோடும் இணைக்காதீர்கள். கருவியின் திரையில் புரியாத எதற்கும் ஒப்புதல் தராதீர்கள்.

வாங்கிய நாள், விலை ஆகியவற்றை எக்ஸ்சேஞ்சிலிருந்து தரவிறக்கி வையுங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி உண்டு. அதில் வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம்.

வங்கிக் கணக்குக்கு இருப்பதுபோல் இதற்கு நாமினி கிடையாது. கணவர் மறைந்தபின் அவருடைய வாலட்டைப் பென் டிரைவ் என்று எண்ணி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு, சொற்கள் எழுதிய தாள் கிடைக்காததால் என்னால் எந்த உதவியும் செய்ய முடியவில்லை. வாரிசுச் சான்றிதழைக் காட்டிக் கேட்பதற்கு அங்கு ஓர் அலுவலகம் இல்லை. எனவே என்ன கருவி, அது எங்கே இருக்கிறது, தகடு எந்த லாக்கரில் இருக்கிறது என்பதை விளக்கும் ஒரு கடிதத்தை வீட்டிலுள்ள நம்பிக்கையானவருக்கு எழுதி வையுங்கள். சொற்களை மட்டும் அதில் எழுதாதீர்கள். மீட்டுத் தருகிறேன் என்று யார் வந்து கேட்டாலும், அவர் உறவினரே ஆனாலும், அச்சொற்களைக் காட்டக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.