எர்ன்ட் ரன்: ஈட்டிய ஓட்டமா, பொறுப்பு ஓட்டமா?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் அமெரிக்க பேஸ்பாலின் சை யங் விருதுகள் அறிவிக்கப்படும். அமெரிக்கன் லீக்கின் சிறந்த வீச்சாளருக்கு ஒன்று, நேஷனல் லீக்கின் சிறந்த வீச்சாளருக்கு ஒன்று. விளையாட்டு எழுத்தாளர்கள் லீக்குக்கு 30 பேர் வாக்களிக்கிறார்கள். முடிவு வந்த அன்று ரசிகர்கள் போடும் சண்டையில் விதவிதமான எண்கள் வந்து விழும். அவற்றில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஈ.ஆர்.ஏ. 'எர்ன்ட் ரன் ஆவரேஜ்' என்பதன் சுருக்கம் அது. ரன் நமக்குத் தெரியும், ஆவரேஜும் தெரியும். சிக்கல் 'எர்ன்ட்' என்ற முதல் சொல்லில்தான் இருக்கிறது. சண்டையில் பாதி அந்தச் சொல்லைச் சுற்றியே நடக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் பொருள். களத்தடுப்பாளர்களின் பிழை உதவாமல், எதிரணி தன் ஆட்டத்தால் எடுத்த ஓட்டம் எர்ன்ட் ரன். பிழையின் புண்ணியத்தில் வந்தது அன்எர்ன்ட் ரன். அது வீச்சாளரின் கணக்கில் ஏறாது. இதைப் பிரித்துச் சொல்வது நடுவர் அல்ல. செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர். ஒவ்வொரு இன்னிங்ஸையும் பிழையே நடக்காதது போல மனத்துக்குள் மறுபடி ஆடிப் பார்ப்பதுதான் அவர் வேலை.

ஒரு இன்னிங்ஸை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் அவுட்; மூன்றாவது அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்துவிடும். அடுத்தவர் தட்டிய பந்து தரையோடு உருண்டு நேராக ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் களத்தடுப்பாளரிடம்) போகிறது. அவர் கையில் நிற்காமல் நழுவுகிறது. அவுட் ஆகியிருக்க வேண்டியவர் முதல் தளத்தில் நிற்கிறார். ஸ்கோரர் 'பிழை' என்கிறார். அடுத்தவர் ஒரு சிங்கிள், அதாவது முதல் தளம் வரை ஓடும் அளவுக்கு ஓர் அடி. அதற்கடுத்தவர் பந்தை வேலிக்கு வெளியே அனுப்புகிறார், ஹோம் ரன். பலகையில் மூன்று ஓட்டங்கள். ஆனால் அந்த நழுவல் இல்லையென்றால் இன்னிங்ஸ் அப்போதே முடிந்திருக்கும் அல்லவா? ஆகவே மூன்றில் ஒன்றுகூட எர்ன்ட் இல்லை. வீச்சாளர் போட்ட மோசமான பந்தைத்தான் அந்த மூன்றாமவர் வெளியே அடித்தார், இருந்தாலும் ஈ.ஆர்.ஏ.வில் அது தெரியாது.

சராசரி எடுப்பது சுலபம். எர்ன்ட் ரன்களை 9ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸ்களால் வகுக்க வேண்டும். ஒரு முழு ஆட்டம் 9 இன்னிங்ஸ் என்பதால் அந்த 9. நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 2018இல் 217 இன்னிங்ஸ் வீசி 41 எர்ன்ட் ரன் கொடுத்தார். 41ஐ 9ஆல் பெருக்கினால் 369. அதை 217ஆல் வகுத்தால் 1.70. குறையக் குறைய நல்லது. இரண்டுக்குக் கீழே போனால் அந்த ஆண்டை ரசிகர்கள் நெடுநாள் பேசுவார்கள்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 'எர்ன்' என்ற வினை பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அதன் ஜெர்மானிய வேர் அறுவடையோடு தொடர்புடையது. ஜெர்மன் மொழியில் இன்றும் அறுவடைக்கு 'எர்ன்டெ' என்றுதான் பெயர். வயலில் உழைத்துக் கூலியாகப் பெற்றது என்பது அடிப்படைப் பொருள். நம் 'ஈட்டுதல்' இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. சேர்த்தல், தேடிச் சம்பாதித்தல் இரண்டும் அதில் உண்டு.

பேஸ்பாலுக்குள் அந்தச் சொல் வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்குப் பெரிதும் காரணம் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், புரூக்ளினில் வளர்ந்தவர். கிரிக்கெட் செய்தியாளராகத் தொடங்கி பேஸ்பாலுக்கு வந்தவர். பேஸ்பால் இன்று எண்களின் ஆட்டமாக இருக்கிறதென்றால் அதற்கு வித்திட்டவர் அவர்தான். கிரிக்கெட் தெரிந்தவருக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை: பை, லெக்பை ஓட்டங்களைப் பந்துவீச்சாளர் தலையில் கட்டாமல் உதிரிகளில் சேர்ப்பது கிரிக்கெட்டின் வழக்கம். ஆனால் கேட்ச் கோட்டைவிடப்பட்டு, தப்பித்தவர் சதம் அடித்தாலும் அந்த ஓட்டங்கள் முழுக்கப் பந்துவீச்சாளரின் கணக்கில்தான். பேஸ்பால் அதையும் பிரித்துக் காட்ட முயன்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எர்ன்ட் ரன் என்றால் யார் ஈட்டியது? அடித்த அணி. அந்தச் சொல் பிறந்தபோது கேள்வி 'எதிரணியின் தடுமாற்றத்தால் கிடைத்ததா, தங்கள் திறமையால் கிடைத்ததா' என்பதுதான். பிறகு அதே எண்ணை எடுத்து வீச்சாளரை அளக்கத் தொடங்கினார்கள். பெயரை மாற்றவில்லை. அதனால் வீச்சாளரின் பெயருக்கு நேரே, அவர் ஈட்டாத ஒன்று 'ஈட்டியது' என்ற பெயரில் நிற்கிறது. அவருக்கு அது கடன்.

வீச்சாளருக்கான அளவையாக அது அதிகாரபூர்வமானது நேஷனல் லீக்கில் 1912இல், அமெரிக்கன் லீக்கில் 1913இல். அதுவரை அணியின் வெற்றி, தோல்வியை வீச்சாளர் பெயரில் எழுதுவதுதான் பெரிய கணக்கு. ஒரே வீச்சாளர் ஆட்டம் முழுக்க வீசிய காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. மாற்று வீச்சாளர்கள் பெருகப் பெருக, வெற்றி யாருடையது என்பது குழம்பிப்போனது. விருதுக்குப் பெயர் தந்த சை யங் ஆடி முடித்தது 1911இல், அதாவது ஈ.ஆர்.ஏ. அதிகாரபூர்வமாவதற்கு முந்தைய ஆண்டு. டென்டன் யங் என்பது இயற்பெயர். அவர் வீச்சின் வேகத்தைப் பார்த்து வைத்த 'சைக்ளோன்' என்ற பட்டப்பெயர் சுருங்கி 'சை' ஆனது. 511 வெற்றிகள், இன்றுவரை யாரும் நெருங்காத சாதனை. அவர் 1955இல் காலமானார். மறு ஆண்டே விருது தொடங்கியது. ஆக, பெயரிலேயே வெற்றிக் கணக்கின் பெருமையைச் சுமக்கும் விருது இது. வாக்காளர்கள் அதிலிருந்து விடுபடப் பல பத்தாண்டுகள் ஆயின.

1987இல் ஹூஸ்டனின் நோலன் ரயன் நேஷனல் லீக்கில் ஈ.ஆர்.ஏ.விலும் (2.76), பந்தைக் களத்துக்குள் அடிக்கவிடாமலேயே அவுட் ஆக்கும் ஸ்ட்ரைக்அவுட்டிலும் (270) முதலிடம். ஆனால் அவர் வீசும் நாளில் அவருடைய அணி ஓட்டம் எடுக்கவில்லை. 8 வெற்றி, 16 தோல்வி. விருது வாக்கெடுப்பில் முதல் மூன்று இடங்களில்கூட அவர் வரவில்லை. 1990இல் பாப் வெல்ச் 27 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 2.95, ரோஜர் கிளெமென்ஸ் 21 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 1.93. விருது வெல்ச்சுக்குப் போனது. 2005இல் 3.48 வைத்திருந்த பார்தோலோ கோலோன் 21 வெற்றியின் பலத்தில், 2.87 வைத்திருந்த யோஹான் சந்தானாவை முந்தினார். இந்த மூன்றிலும் ரசிகர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

திருப்பம் வந்தது 2010இல். சியாட்டில் மரைனர்ஸ் அந்த ஆண்டு 101 ஆட்டங்களில் தோற்றது; 162 ஆட்டங்களிலும் சேர்த்து எடுத்தது 513 ஓட்டங்கள்தான். அந்த அணியில் பீலிக்ஸ் எர்னாண்டஸ் 249.2 இன்னிங்ஸ் வீசினார். (இந்தப் புள்ளி தசமப்புள்ளி அல்ல, 249 முழு இன்னிங்ஸும் கூட இரண்டு அவுட்டும் என்று பொருள்.) ஈ.ஆர்.ஏ. 2.27, லீக்கிலேயே குறைவு. வெற்றி 13, தோல்வி 12. எதிரே 21 வெற்றியோடு சி.சி. சபாத்தியா, 19 வெற்றியோடு டேவிட் பிரைஸ். அன்றிருந்த 28 வாக்காளர்களில் 21 பேர் எர்னாண்டஸை முதலிடத்தில் வைத்தார்கள். 'வெற்றிக் கணக்கு செத்துப்போச்சு' என்று அன்று கொண்டாடியவர்கள் உண்டு. எட்டு ஆண்டு கழித்து டிகிராம் 10 வெற்றியோடு 30 முதலிட வாக்குகளில் 29ஐ வாங்கியபோது அதைப் பெரிதாக யாரும் மறுக்கவில்லை.

ஆனால் எர்னாண்டஸின் அதே 2010 கணக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் 'எர்ன்ட்' என்ற சொல்லின் எடை தெரியும். அவர் வீசும்போது எதிரணிகள் எடுத்தது மொத்தம் 80 ஓட்டங்கள். அவற்றில் எர்ன்ட் 63. மீதி 17 பிழைக் கணக்கில் போயின. 80ஐயும் சேர்த்தால் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.88, சேர்க்காவிட்டால் 2.27. ஸ்கோரர்களின் தீர்ப்புகள் இவ்வளவு தூரம் இழுக்க முடியும். அந்த விருது தவறு என்று நான் சொல்லவில்லை. லீக்கிலேயே அதிக இன்னிங்ஸ் வீசியவரும் அவர்தான். ஆனால் 2.27 என்பதை இயற்கை கொடுத்த எண் போல நீட்டி வாதாடுவது சரியல்ல.

பிழை என்ற தீர்ப்பே ஒருதலையானது. கைக்கு வந்த பந்தை விட்டால் பிழை. பந்தருகே போகவே முடியாத மந்தமான களத்தடுப்பாளரைத் தாண்டிப் போனால் அது 'ஹிட்'. அதனால் வரும் ஓட்டம் எர்ன்ட். சுறுசுறுப்பானவர் பாய்ந்து தொட்டு நழுவவிட்டால் வீச்சாளருக்கு ஆதாயம், நகராமல் நின்றவரால் வீச்சாளருக்கு நட்டம். இன்னொரு வேடிக்கையும் விதியில் உண்டு: வீச்சாளரே தன்னிடம் வந்த பந்தைப் பிடித்துத் தாறுமாறாக எறிந்து பிழை செய்தாலும், அதனால் வரும் ஓட்டம் அவர் கணக்கில் ஏறாது. 2020இல் வந்த விதிப்படி கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் தளத்தில் சும்மா கொண்டுவந்து நிறுத்தப்படும் ஓட்டக்காரர் ஓடி வந்தாலும் அது அன்எர்ன்ட்தான்.

இதனால்தான் 2001இல் பேஸ்பால் எண்களை ஆராய்ந்த வோரோஸ் மெக்ராக்கன் ஒரு கேள்வி எழுப்பினார்: களத்துக்குள் விழும் பந்து அவுட் ஆவதும் ஆகாததும் உண்மையில் எவ்வளவு தூரம் வீச்சாளர் கையில் இருக்கிறது? அந்த யோசனையிலிருந்து களத்தடுப்பைக் கழித்துப் பார்க்கும் அளவைகள் வந்தன. ஸ்ட்ரைக்அவுட், வாக் (தவறான பந்துகளால் முதல் தளத்தைச் சும்மா கொடுப்பது), ஹோம் ரன் போன்றவற்றை மட்டும் வைத்து வீச்சாளரை எடைபோடும் எஃப்.ஐ.பி. அவற்றில் புகழ்பெற்றது. 2021 நேஷனல் லீக் சண்டை இதற்கு நல்ல உதாரணம். மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸ் 167 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 2.43, எஃப்.ஐ.பி. அதைவிடவும் அருமை. பிலடெல்பியாவின் சாக் வீலர் 213.1 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 2.78. முதலிட வாக்குகள் இருவருக்கும் ஆளுக்கு 12. மொத்தப் புள்ளிகளில் 151க்கு 141 என்று பர்ன்ஸ் வென்றார். சராசரி தரத்தைச் சொல்லும். எவ்வளவு பாரம் சுமந்தார் என்பதைச் சொல்லாது. 46 இன்னிங்ஸ் கூடுதலாக வீசியவருக்கே நான் வாக்களித்திருப்பேன்.

இனி தமிழ்ச் சொல். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'ஈட்டிய ஓட்டம்'. கேட்க நன்றாக இருக்கிறது; அடித்த அணியைப் பற்றிப் பேசும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் 'வீச்சாளரின் ஈட்டிய ஓட்டச் சராசரி 1.70' என்று எழுதினால், அவரே ஓடி எடுத்தது போலவும் கூடினால் நல்லது போலவும் படும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? கியூபெக்கின் பிரெஞ்சில் 'தகுதியால் பெற்ற புள்ளி' என்ற பொருளில் சொல்கிறார்கள், ஆங்கிலத்தின் பார்வையே. ஸ்பானியத்தில் 'கரேரா லிம்பியா', அதாவது சுத்தமான ஓட்டம். பிழையின் கறை படியாதது. ஜப்பானியர்கள் மட்டும் பார்வையை முழுக்கத் திருப்பினார்கள். அங்கே அது 'ஜிசெகிடென்': தன் குற்றமாக ஏற்கும் புள்ளி. கொரிய மொழியிலும் அதே சீன எழுத்து வேர்தான். சராசரிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'தடுப்பு வீதம்' என்ற பொருள் தரும் 'போக்யோரிட்சு'. 1947இல், அமெரிக்க விருதுக்கு 9 ஆண்டு முன்பே, சிறந்த வீச்சாளருக்காக அவர்கள் தொடங்கிய சவமுரா விருதின் அளவுகோல்களில் ஒன்று இந்த வீதம் 2.50க்குள் இருக்க வேண்டும் என்பது. தகுதியானவர் இல்லையென்றால் விருதே தருவதில்லை; 2019இல் அப்படித்தான் நடந்தது.

தமிழுக்கும் ஜப்பானியப் பார்வையே சரி என்பது என் முடிவு. 'குற்றம்' என்ற கடுமை வேண்டாம். 'பொறுப்பு ஓட்டம்' போதும். வீச்சாளர் பதில் சொல்ல வேண்டிய ஓட்டம் என்பது உடனே புரிகிறது. ஈ.ஆர்.ஏ. 'பொறுப்பு ஓட்டச் சராசரி'. குறைவது நல்லது என்பதையும் பெயரே சொல்லிவிடும். எதிர்ச்சொல்லில்தான் கவனம் வேண்டும். 'பொறுப்பில்லா ஓட்டம்' என்றால் யாரோ அலட்சியமாக ஓடியது போலாகிவிடும். 'பிழை ஓட்டம்' சுருக்கமானது. ஆனால் கூடுதல் இன்னிங்ஸில் நிறுத்தப்படும் ஓட்டக்காரர் விஷயத்தில் பிழையே நடப்பதில்லை. 'பொறுப்பில் சேராத ஓட்டம்' கொஞ்சம் நீளம், ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வீச்சாளரே செய்த பிழை மட்டும் இந்தப் பெயருக்குள் உறுத்திக்கொண்டு நிற்கும். அது விதியில் உள்ள குறை. எந்த மொழியில் பெயர் வைத்தாலும் போகாது.

எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: 2025இல் பிட்ஸ்பர்கின் பால் ஸ்கீன்ஸ் 10 வெற்றி, 10 தோல்வி, பொறுப்பு ஓட்டச் சராசரி 1.97, நேஷனல் லீக்கின் 30 வாக்காளர்களும் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள்.